நியூ ஆர்லியன்ஸின் மண்: சுவரோரத்தில் தங்கிய ஈயம்

அமெரிக்காவின் தெற்கே உள்ள நியூ ஆர்லியன்ஸின் பழைய குடியிருப்புகளில் ஒரு வீட்டைச் சுற்றி வந்தால், ஈயம் எங்கே அதிகம் என்பதைக் கருவி இல்லாமலே ஓரளவு சொல்லிவிடலாம். கூரைத் தண்ணீர் சொட்டி விழும் அந்தச் சுவரோரம்தான். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் மண்ணில் அளவு மிக அதிகம். அடுத்தது வண்டிப் போக்குவரத்து நிறைந்த தெருவின் ஓரம், அதற்கும் அடுத்தது சின்னத் தெருக்களின் ஓரம். வீட்டையும் சாலையையும் விட்டு விலகிய திறந்தவெளியில்தான் மிகக் குறைவு. மர வீடுகள் நெருக்கமாக நிற்கும் தெருக்களில், குழந்தைகள் நிழல் தேடி உட்கார்ந்து மண்ணைக் கிளறி விளையாடுவதும் அதே சுவரோரத்தில்தான்.

நகர மண்ணில் கன உலோக மாசு என்றதும் நமக்கு ஆலைக் கழிவும் சாயத் தண்ணீரும்தான் நினைவுக்கு வரும். நியூ ஆர்லியன்ஸ் அப்படிப்பட்ட ஊர் இல்லை. நகர் முழுக்கப் பரவிய ஈயத்துக்குப் பொறுப்பென்று சுட்டிக்காட்ட ஒரு புகைபோக்கி அங்கே கிடையாது. ஓர் ஊரின் அன்றாட வாழ்க்கையே அதன் மண்ணை எப்படி நஞ்சாக்கியது, அதைச் சரிசெய்ய என்ன முயன்றார்கள் என்பதை முப்பது ஆண்டு அளவீடுகளோடு காட்டும் ஊர்கள் உலகில் மிகக் குறைவு. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

பால்டிமோரில் தொடங்கிய சந்தேகம்

கதையின் நடுவில் இருப்பவர் ஹோவர்ட் மீல்கி என்ற ஆய்வாளர். நியூ ஆர்லியன்ஸில் முதலில் சேவியர் பல்கலைக்கழகத்திலும் பிறகு டுலேன் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். அவருடைய சந்தேகம் அதற்கு முன்பே, 1970களின் பிற்பகுதியில், பால்டிமோர் நகரத்தில் பிறந்தது. அங்கே நானூறுக்கும் மேற்பட்ட வீட்டுக் காய்கறித் தோட்டங்களின் மண்ணை அவரும் உடன் பணியாற்றியவர்களும் சோதித்தார்கள். முடிவு 1983இல் வெளியானது.

அன்று எல்லோரும் நம்பியது இதுதான்: குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுவதற்குக் காரணம் பழைய வீட்டுச் சுவர்களின் ஈயப் பெயின்ட். குழந்தை உதிர்ந்த பெயின்ட் சில்லைத் தின்கிறது, நோய் வருகிறது. அது உண்மையின் ஒரு பகுதிதான். ஆனால் பால்டிமோரின் மையப் பகுதி வீடுகள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத செங்கல் கட்டடங்கள். பெயின்ட் பூசிய மர வீடுகள் இருந்தது நகரின் வெளிப்புறத்தில். பெயின்ட் மட்டுமே காரணம் என்றால் வெளிப்புறத் தோட்டங்களில்தான் ஈயம் கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஈயம் மிகுந்த தோட்டங்கள் அத்தனையும் செங்கல் வீடுகள் நிற்கும் நகர மையத்தில் குவிந்து கிடந்தன. தற்செயலாக இப்படி அமையும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லிவிடும் அளவுக்குக் கணக்கு தெளிவாக இருந்தது.

மையத்தில் அப்படி என்ன அதிகம்? வண்டிகள்.

பெட்ரோலில் கலந்த ஈயம்

1921 டிசம்பரில், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவும் டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சினின் தட்டல் சத்தம் நின்றுவிடுவதைக் கண்டார்கள். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவேயில் இந்தத் திரவத்தைத் தயாரித்த ஸ்டாண்டர்டு ஆயில் ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து விழுந்தார்கள், 5 பேர் இறந்தார்கள். 1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு கூட்டம் கூட்டினார். தொழிலக நச்சு பற்றி அன்று மிக ஆழமாக அறிந்திருந்த ஆலிஸ் ஹாமில்டன் போன்றவர்கள் அங்கே எச்சரித்தார்கள். ஆலைக்குள் பாதுகாப்பாகக் கையாண்டுவிடலாம், ஆனால் தெருவெங்கும் தூவப்படுவதை யாரால் கையாள முடியும் என்பதே அவர்களின் கவலை. ஒரு குழு அமைத்தார்கள், சில மாதங்கள் ஆய்ந்தார்கள், பிறகு விற்பனை தொடர அனுமதி கிடைத்தது. அந்த ஓர் அனுமதியின் பலனை அறுபது ஆண்டுகள் கழித்து மண்ணில் அளக்க வேண்டி வந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

எஞ்சினுக்குள் எரிந்த ஈயம் அங்கேயே படிந்தால் வால்வு கெட்டுவிடும். அதனால் புரோமினும் குளோரினும் கொண்ட வேறு சேர்மங்களையும் பெட்ரோலில் சேர்த்தார்கள். அவை ஈயத்தோடு சேர்ந்து அதைப் புகையோடு வெளியே துரத்தின. அதாவது, எஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஈயத்தைக் காற்றில் விடும்படியே அந்தக் கலவை வடிவமைக்கப்பட்டிருந்தது. பெரிய துகள்கள் சாலையோரத்தில் விழுந்தன. மிக நுண்ணிய துகள்கள் காற்றில் மிதந்து போய், வழியில் மறித்த சுவர்களில் ஒட்டின. மழை அவற்றைக் கழுவிச் சுவரடி மண்ணில் சேர்த்தது. பெயின்ட் இல்லாத செங்கல் வீட்டின் சுவரோரத்திலும் ஈயம் ஏன் குவிகிறது என்ற கேள்விக்கு இது விடை.

அமெரிக்காவில் மட்டும் பெட்ரோல் வழியாகப் பயன்பட்ட ஈயம் ஏறத்தாழ 59 லட்சம் டன். பெயின்டில் போனதும் கிட்டத்தட்ட அதே அளவு என்று சொல்வார்கள். பெயின்ட் ஈயத்தில் பெரும்பங்கு இன்னும் சுவரிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஈயமோ தூசியாகவே வெளியே வந்தது. குழந்தையின் விரலில் ஒட்டும் அளவிலேயே வந்தது என்றும் சொல்லலாம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1985இல் போட்ட உத்தரவால், 1986 தொடக்கத்தில் ஒரு கேலன் பெட்ரோலில் ஈயம் 0.1 கிராமுக்கு இறங்கியது. சாலை வண்டிகளுக்கு முழுத் தடை 1996இல் வந்தது. அதற்கு முன்பே, 1976க்கும் 1980க்கும் இடையில், பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய அமெரிக்கர்களின் ரத்த ஈயமும் கூடவே குறைந்தது. சராசரியில் 37 விழுக்காடு வீழ்ச்சி. புகையை நிறுத்தினால் உடம்பில் உடனே தெரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதுவரை விழுந்தது மண்ணிலேயே இருந்தது. ஈயம் மக்காது. களிமண்ணையும் இலைமக்கையும் இறுகப் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடக்கும்.

ஊரைச் சல்லடை போட்ட கணக்கெடுப்பு

1980களின் இறுதியில் மீல்கி நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார். அங்கே அவர் செய்த வேலை எளிமையானது, பொறுமை கேட்பது. நகரின் ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரத்திலும் பத்தொன்பது மாதிரிகள் வரை எடுப்பது. ஒவ்வொன்றும் மேல் 2.5 சென்டிமீட்டர் மண் மட்டும், ஏனென்றால் குழந்தையின் கை தொடுவது அதைத்தான். வீட்டுச் சுவரோரம், குடியிருப்புத் தெருவோரம், போக்குவரத்து மிகுந்த சாலையோரம், திறந்தவெளி என்று இடம் குறித்துக்கொண்டார்கள். உலரவைத்து, சலித்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் குலுக்கி, வடிந்ததைக் கருவியில் அளந்தார்கள். 1998 முதல் 2000 வரை நடந்த இரண்டாவது கணக்கெடுப்பில் 286 வட்டாரங்களிலிருந்து 5,467 மாதிரிகள். ஈயத்தோடு துத்தநாகம், காட்மியம், நிக்கல், தாமிரம், குரோமியம், மாங்கனீசு, வனேடியம் ஆகியவற்றையும் அளந்தார்கள். டயர் தேய்மானத்தில் துத்தநாகம் வருவதுபோல, இவை ஒவ்வொன்றுக்கும் நகர வாழ்க்கையில் ஒரு மூலம் உண்டு. பெரும்பாலும் எல்லாமே ஒன்றாகவே கூடின, ஒன்றாகவே குறைந்தன. மையம் கனத்தது, விளிம்பு இலேசானது.

வரைபடத்தைப் பார்த்தால் நடுவில் அடர்ந்து வெளியே மங்கும் ஒரு வட்டம்போல் இருக்கும். அந்த நடுப்பகுதியில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்காமல் இதைப் படிக்கக் கூடாது. கிளேய்போர்ன் அவென்யூ என்ற சாலையை எடுத்துக்கொள்வோம். ட்ரெமே பகுதி வழியாகப் போகும் இந்தச் சாலையின் நடுவே பெரிய ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. கறுப்பின மக்களின் கடைத்தெருவும், திருவிழாக் கூடலும், ஞாயிற்றுக்கிழமை விருந்தும் அந்த நிழலில்தான். 1966இல் அந்த மரங்களை வெட்டி, அதன்மேல் இன்டர்ஸ்டேட் 10 என்ற உயர்மட்ட நெடுஞ்சாலையைக் கட்டினார்கள். ஈயப் பெட்ரோல் உச்சத்தில் இருந்த காலம் அது. வெளிப்புற ஊர்களிலிருந்து வேலைக்கு வந்துபோனவர்களின் வண்டிப் புகை, வண்டி வாங்க வசதியில்லாத பலர் வாழ்ந்த தெருக்களின்மேல் ஆண்டுக்கணக்கில் இறங்கியது. பழைய பெயின்ட் உதிர்ந்த வீடுகளும் அங்கேதான் அதிகம். இரண்டும் ஒரே மண்ணில் சேர்ந்தன.

பெயின்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. நியூ ஆர்லியன்ஸின் மர வீடுகளுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் முன் மின் தேய்ப்பானால் பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் இப்படித் தேய்த்தாலே அந்த வீட்டின் மண் மட்டுமல்ல, பக்கத்து வீட்டின் மண்ணும் நஞ்சாகிவிடும். இதைக் காட்டிய பிறகே காய்ந்த நிலையில் தேய்க்க அங்கே கட்டுப்பாடு வந்தது. ஆக, பெயின்டா பெட்ரோலா என்று மோதவிடுவதில் பயனில்லை. இரண்டுக்கும் கிடங்கு ஒன்றே, அது மண். அப்படியும் வீட்டின் வயதை வைத்துக் குழந்தையின் ரத்த ஈயத்தைக் கணிப்பதைவிட, மண்ணின் ஈயத்தை வைத்துக் கணித்தால்தான் நன்றாகப் பொருந்துகிறது என்று நியூ ஆர்லியன்ஸையும் அதன் தென்மேற்கே உள்ள கிராமப்புற லஃபூர்ஷையும் ஒப்பிட்ட ஆய்வு 1997இல் காட்டியது.

குழந்தையின் விரல், குழந்தையின் எலும்பு

ஒன்று முதல் மூன்று வயது வரை எந்தக் குழந்தையும் கையை வாயில் வைக்கும். அது கெட்ட பழக்கம் இல்லை, உலகத்தை அறியும் வழி. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேர்கிறது என்றால், சிறு குழந்தைக்குப் பாதிவரை சேரலாம். பசியோடு இருந்தால், இரும்புச் சத்தோ கால்சியமோ குறைவாக இருந்தால் இன்னும் கூடும். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி ஏமாறுகிறது. நரம்பு செய்தி கடத்தும் இடத்தில் அது புகுந்து கெடுக்கிறது. ரத்தத்தில் சில வாரங்கள் இருந்துவிட்டு எலும்பில் போய் பல ஆண்டுகள் தங்குகிறது. பெண் குழந்தை வளர்ந்து கருவுறும்போது எலும்பு கரைந்து கால்சியம் போகும் வழியே பழைய ஈயமும் வெளியே வரும்.

நியூ ஆர்லியன்ஸில் கோடையின் பிற்பகுதியில் குழந்தைகளின் ரத்த ஈயம் ஏறுவதும், குளிரில் இறங்குவதும் ஒவ்வோர் ஆண்டும் நடந்தது. மார்க் லெய்ட்லாவும் அவர் உடன் ஆய்வாளர்களும் 2005இல் இதை வானிலையோடு இணைத்துக் காட்டினார்கள். மண் காய்கிறது, தூசி எழுகிறது, சன்னல் திறந்திருக்கிறது, குழந்தை வெளியே விளையாடுகிறது. பெயின்ட் சுவருக்குக் கோடையும் குளிரும் பெரிய வித்தியாசம் இல்லை. மண்ணுக்கு உண்டு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் நம்பிக்கை தந்த சான்று இதுதான்.

2000 முதல் 2005 வரை ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட 55,551 நியூ ஆர்லியன்ஸ் குழந்தைகளின் அளவுகளை மண் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. மண்ணில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில், மண்ணில் சிறிது கூடினாலே ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறுகிறது: ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் டெசிலிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம். 300ஐத் தாண்டிய இடங்களில் அதே 100க்கு ஏறுவது 0.32 மட்டுமே. அதாவது, கெடுதலின் பெரும்பகுதி குறைந்த அளவுகளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தச் சேதியை அன்றைய சட்ட வரம்போடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் 2001 முதல் குழந்தைகள் விளையாடும் வெற்று மண்ணுக்கு வரம்பு கிலோவுக்கு 400 மில்லிகிராம், வீட்டு வளாகத்தின் மற்ற பகுதிக்கு 1,200. 390 உள்ள மண்ணைச் சோதித்த தாயிடம் 'வரம்புக்குள் இருக்கிறது, கவலை வேண்டாம்' என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் உண்மைக்கு நெருக்கமானதே இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கான வழிகாட்டு அளவை 200க்கும், ஈயத்துக்கு வேறு மூலங்களும் உள்ள இடத்தில் 100க்கும் இறக்கியது. கலிபோர்னியா மாநிலம் 80 என்ற அளவைக் கையாள்கிறது. குழந்தையின் ரத்தத்தில் இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று வைத்த அளவும் இப்படித்தான் படிப்படியாக இறங்கியது: 1991இல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2012இல் 5, 2021இல் 3.5. ஒவ்வொரு முறை இறங்கும்போதும், அதற்கு முன் 'சரியாக இருக்கிறது' என்று அனுப்பப்பட்ட ஒரு தலைமுறைக் குழந்தைகள் பின்னால் இருக்கிறார்கள்.

நடைமுறையில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது? முதலில் குழந்தையின் ரத்தம் சோதிக்கப்படும். அளவு கூடியிருந்தால்தான் வீட்டுக்கு ஆள் வந்து மூலத்தைத் தேடுவார். அதாவது மண்ணில் நஞ்சு இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவியாகக் குழந்தையைப் பயன்படுத்துகிறோம். மீல்கி திரும்பத் திரும்ப எதிர்த்தது இதைத்தான். மண்ணை முன்கூட்டியே அளந்துவிட முடியும். குழந்தை பிறப்பதற்கு முன்பே அளந்துவிட முடியும்.

பள்ளிகளையும் அவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியையும் சுற்றியுள்ள மண்ணில் உலோகங்கள் எவ்வளவு, அந்தப் பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவு எப்படி என்று ஒப்பிட்ட 2005 ஆய்வில், உலோகம் கூடக்கூட மதிப்பெண் இறங்கியது. இதில் வறுமையும் பள்ளி வசதியும் பின்னிக் கிடப்பதால் முழுப் பழியையும் மண்ணின்மேல் போட முடியாது. ஆனால் மூளைக்குக் கேடு செய்யும் உலோகம் நிறைந்த மண்ணில் வளர்ந்த பிள்ளையைப் பார்த்து 'படிப்பு ஏறவில்லை' என்று சொல்லும் முன் யாரும் ஒரு கணம் நிற்க வேண்டும்.

வெள்ளம் கொண்டுவந்ததும் கொண்டுபோனதும்

2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. அந்தத் துயரத்தை ஆய்வுச் சாலை என்று பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மண்ணுக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடிந்தபோது வண்டல் படிந்திருந்தது. பிறகு வீடுகளை இடித்தார்கள், கட்டினார்கள், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டினார்கள். மீண்டும் அளந்த வட்டாரங்களில் பெரும்பாலானவற்றில் மண்ணின் ஈயம் குறைந்திருந்தது. எங்கே மண்ணில் குறைந்ததோ, அங்கே குழந்தைகளின் ரத்தத்திலும் அதிகமாகக் குறைந்தது. பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பிய இடங்களிலும் புது மண் வந்ததால் அளவு வெகுவாக இறங்கியது.

ஒரு பிற்பகலில் முடிந்த வேலை

இந்தக் கதையில் நான் அதிக நேரம் நின்று பார்க்க விரும்பும் இடம், சில குழந்தைகள் காப்பகங்களின் விளையாட்டு முற்றம்.

நியூ ஆர்லியன்ஸில் காப்பகங்கள் பல, பழைய குடியிருப்பு வீடுகளிலேயே நடந்தன. சராசரியாக ஒவ்வொன்றிலும் ஐம்பது குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவு. நகர மையத்திலும் வெளியிலுமாகத் தேர்ந்தெடுத்த காப்பகங்களின் மண்ணைச் சோதித்தபோது ஈயத்தின் நடு அளவு (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) கிலோவுக்கு 558 மில்லிகிராம். ஓரிடத்தில் 3,692 வரை போயிருந்தது. பெற்றோர் வேலைக்குப் போகும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுப்போகும் இடம் அது.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். பழைய மண்ணைத் தோண்டி எடுக்கவில்லை. அதன்மேல் பளிச்சென்று நிறம் தெரியும் ஒரு தடுப்புத் துணியை விரித்தார்கள். தண்ணீர் இறங்கும், மண் கலக்காது, யாராவது பின்னாளில் தோண்டினால் துணி தென்பட்டதும் நிறுத்திக்கொள்ளலாம். அதன்மேல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுத்தமான ஆற்று வண்டலைப் பரப்பினார்கள். வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. முடிந்ததும் அளந்தால் நடு அளவு 4.1 மில்லிகிராம். செலவு, ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 100 டாலர்.

அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1927இல் மிசிசிப்பியில் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு, நகரத்தைக் காக்க, நகருக்கு மேல்போக்கில் பானே கேரே என்ற வெள்ள வடிகாலைக் கட்டி 1931இல் முடித்தார்கள். ஆறு பெருகும் ஆண்டுகளில் மதகைத் திறந்து, உபரி நீரைப் பான்சர்ட்ரெய்ன் ஏரிக்குத் திருப்புவார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு கண்டத்தின் உட்பகுதியிலிருந்து சுமந்து வந்த வண்டலை அந்த வடிகால் நிலத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. அதில் ஈயம் கிலோவுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம்தான். நம் ஊரில் ஏரித் தூர் வாரிய வண்டலை வயலுக்கு அடிப்போமே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். சுத்தமான மண் லாரி தூரத்தில் குவிந்து கிடக்க, அதே நகரத்தின் குழந்தைகள் நஞ்சு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நார்வே இதை ஒரு நாட்டுத் திட்டமாகவே எடுத்துச் செய்தது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரோல்ஃப் டோரே ஓட்டெசெனும் மீல்கியும் சேர்ந்து பணியாற்றியவர்கள். நார்வே நகரங்களின் காப்பகங்கள், விளையாட்டிடங்களின் மண்ணை வரிசையாகச் சோதித்து, தேவையான இடங்களில் மாற்றினார்கள். குழந்தையின் ரத்தத்துக்குக் காத்திருக்கவில்லை.

குப்பை மேட்டில் எழுந்த வீடுகள்

இதே நகரில் இன்னொரு மண் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால், துணி விரித்து மண் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றிவிடும். அக்ரிகல்ச்சர் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் 1909 முதல் நகராட்சியின் குப்பைக் கிடங்கு இருந்தது. 95 ஏக்கர். குப்பை எரிந்துகொண்டே இருக்கும். 1950களின் இறுதியில் மூடினார்கள், 1965இல் பெட்சி புயலின் இடிபாடுகளைக் கொட்ட மறுபடி திறந்தார்கள். பிறகு அதே நிலத்தில் வீடுகள் எழுந்தன. 1980களின் தொடக்கத்தில் கோர்டன் பிளாசா என்ற பகுதி, முதல்முறையாகச் சொந்த வீடு வாங்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் கண்ணாடியும் தகரமும் வந்தன. மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் பிற நச்சுகளும். 1994இல் அந்த இடம், நாட்டில் மிக மோசமாக மாசடைந்த தலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அங்கேயும் மேல்மண்ணை இரண்டு அடி எடுத்து, துணி விரித்து, புது மண் நிரப்பினார்கள். செய்முறை காப்பகங்களில் செய்ததைப் போன்றதுதான். ஆனால் குடியிருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. தங்களை அங்கிருந்து இடம் மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள், பல ஆண்டுகள் போராடினார்கள். 2022 ஜூனில் நகர மன்றம் 3.5 கோடி டாலர் ஒதுக்கி அவர்களை இடம் மாற்ற முடிவு செய்தது. காப்பக முற்றத்தில் மேலாக விழுந்த தூசியை மூட முடிந்தது. பல அடி ஆழம் குப்பையே மண்ணாக இருக்கும் இடத்தில், மரம் நட முடியாமல், குழாய் பழுதுபார்க்கத் தோண்டும்போதெல்லாம் பயந்துகொண்டு, வீட்டை விற்கவும் வழியில்லாமல் ஒரு குடும்பம் எப்படி வாழும்? அந்த மக்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். பதினைந்து சென்டிமீட்டர் வண்டல் எங்கே போதும், எங்கே போதாது என்பதைத் தீர்மானிப்பது கீழே இருப்பது எவ்வளவு ஆழம் என்பதுதான்.

மூன்றாவது கணக்கெடுப்பு

2013 முதல் 2017 வரை நகரத்தை மறுபடி ஒரு சுற்று அளந்தார்கள். முடிவு 2019இல் வந்தது. ஒப்பிட முடிந்த 274 வட்டாரங்களில் மண்ணின் நடு அளவு 99 மில்லிகிராமிலிருந்து 54க்கு இறங்கியிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிகிராம் வீதம். குழந்தைகளின் ரத்தத்தில் நடு அளவு 3.6 மைக்ரோகிராமிலிருந்து 1.2க்கு வந்திருந்தது.

ஈயம் மக்காது என்று முன்பு சொன்னேன். அப்படியானால் எங்கே போனது? புது மண் மூடியிருக்கலாம், மழை வடிகாலுக்கு அடித்துப் போயிருக்கலாம், காற்று வேறெங்கோ கொண்டு இறக்கியிருக்கலாம், கீழ்மண்ணோடு கலந்திருக்கலாம். இவை எல்லாமே நடந்திருக்கும். மண்ணின் குறைவு ரத்தத்தின் குறைவுக்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள், ஒரே காரணம் என்று சொல்லவில்லை. உணவு டப்பாக்களில் ஈயப் பற்றுவைப்பு நின்றது, பெயின்டுக் கட்டுப்பாடு வந்தது, இவையும் சேர்ந்துதான் வேலை செய்தன. மக்கள் இடம் மாறியதும் கணக்கில் உண்டு. கத்ரீனாவுக்குப் பிறகு திரும்பி வர முடியாமல் போன ஏழைக் குடும்பங்கள் ஏராளம்.

54 என்பது நகரம் முழுமைக்குமான நடு எண். மையத்துத் தெருக்களின் சுவரோரம் இன்னும் அதைவிடப் பல மடங்கில் இருக்கிறது. அங்கே வாடகைக்கு வரும் இளம் தம்பதிக்கு இந்த எண்ணை மட்டும் சொன்னால் போதாது.

நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 தொடக்கத்தில். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995இலேயே ஈயமில்லாப் பெட்ரோலும் கிடைக்கத் தொடங்கியது. இலங்கையில் 2002இல் நின்றது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. வீட்டு பெயின்டில் ஈயத்துக்கான கடுமையான வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, நம் பழைய நகரங்களின் சாலையோர மண்ணிலும், இருபது முப்பது ஆண்டுக்கு முன் பெயின்ட் அடித்த வீடுகளின் சுவரோரத்திலும் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது நடக்காமல் இருக்க இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. இதோடு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் சிறு பட்டறைகள் குடியிருப்புக்கு நடுவே இருந்தால், அது தனி அபாயம்.

பழைய வீட்டில் சிறு குழந்தை இருந்தால் சில வேலைகளைப் பெரிய செலவில்லாமலே செய்யலாம். சுவரோர வெற்று மண்ணைப் புல்லாலோ சரளையாலோ மூடிவிடுங்கள். குழந்தை விளையாட மணல் கொட்டுவதாக இருந்தால் கீழே தடுப்பு விரித்துவிட்டுக் கொட்டுங்கள். தரையை விளக்குமாற்றால் உலர்வாகப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய துணை. சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் கை கழுவ வையுங்கள். கீரை போடுவதாக இருந்தால் சாலையோர மண்ணில் போடாமல் தொட்டியிலோ உயர்த்திய பாத்தியிலோ வெளி மண்ணில் போடுங்கள், இலையையும் வேரையும் நன்றாக அலசுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை நடக்கும்போது குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. சுரண்டும் முன் நனைத்துக்கொள்ளுங்கள், கீழே தார்ப்பாய் விரியுங்கள், உதிர்ந்ததைக் கூட்டித் தோட்டத்தில் தள்ளாதீர்கள்.

மண்ணைச் சோதிக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிருக்கான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்து பார்ப்பார்கள், ஈயம் பார்க்க மாட்டார்கள். கன உலோகம் அளக்க வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது வளாகத்தின் நடுவே ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தால் நல்ல எண்தான் வரும். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஒன்று, தெருப்பக்கம் ஒன்று, குழந்தை உட்கார்ந்து விளையாடும் இடத்தில் ஒன்று, மூன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, மேல் 2.5 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.